சிவராத்திரியில் பகடை உருட்டிய பிள்ளைகள்

 

மகா சிவராத்திரி முடிஞ்சு படங்களை முகநூல்ல போட்டதுல இருந்து ஒரே கேள்வியா வருது. அபிஷேகப் படம் நாற்பது போட்டோம், அன்னதானப் படம் போட்டோம். அதையெல்லாம் விட்டுட்டு, பின்னால மண்டபத்துல பிள்ளைங்க வட்டமா உக்காந்து பகடை உருட்டுற அந்த ஒரு படத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. கோயில்ல சூதாட்டமான்னு ஒருத்தர் கேட்டார். தொண்டர்களே இப்படிச் செய்யலாமான்னு இன்னொருத்தர். புலனத்துல வந்ததை இங்க எழுத முடியாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதிப் பார்த்தோம், கை வலிச்சதுதான் மிச்சம். அதனால முழுக்கதையையும் இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா படிங்க. இதுல எங்க தப்பும் ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்கல.

எங்க ரெண்டு பேரையும் கோயிலுக்கு வர்றவங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை செருப்பு வைக்கிற இடத்துலயும் அன்னதானக் கூடத்துலயும் மாறி மாறி நிக்கிற புருஷன் பொண்டாட்டி நாங்கதான். இதை எழுதுறது பேக்டரி சூப்பர்வைசர் கை. எஸ்.பி.எம்.மோட படிப்பு நின்னுபோச்சு. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

காப்பார் பக்கம் ஒரே தோட்டத்துல, ஒரே லயத்துல வளர்ந்தவங்க நாங்க. பொழுதுபோக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. திருவிழாவுக்குக் கூத்து, மாசத்துக்கு ஒரு தடவை திடல்ல படம், அது போக அம்புலிமாமா. தோட்டத்துப் பள்ளி வாத்தியார் கிள்ளான் டவுனுக்குப் போனா ஒரு புத்தகம் வாங்கிட்டு வருவார். அந்த ஒரே புத்தகம் இருபது வீடு சுத்தும். கடைசி வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது. அம்புலிமாமா 1947 ஜூலையில சென்னையில ஆரம்பிச்ச பத்திரிகை, நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்துனாங்க. அந்தப் பேரெல்லாம் அப்ப யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிஞ்சது விக்கிரமாதித்தன் தோள்ல தொங்குற வேதாளம் மட்டும்தான். கையில வாளு, தோள்ல பொணம், சுத்திலும் சுடுகாடு. அந்தப் படத்தை வரைஞ்சவர் சங்கர். முழுப்பேரு கே.சி. சிவசங்கரன். 2020ல தொண்ணூறு வயசு தாண்டி காலமானார், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ குடுத்தாங்க. இருக்கும்போதே குடுத்திருக்கலாம்.

வேதாளத்தோட சட்டத்தைக் கவனிச்சுப் பாருங்க. பதில் தெரிஞ்சும் சொல்லலேன்னா தலை வெடிச்சிடும். சொன்னா மௌனம் கலைஞ்சு வேதாளம் திரும்பவும் முருங்கை மரத்துக்குப் போயிடும். எப்படிப் பார்த்தாலும் ராஜா மாட்டிக்கிட்டான். லயத்து வாசல்ல உக்காந்து நாங்க அதை விளையாட்டாவே ஆடுவோம். ஒருத்தர் வேதாளம், ஒருத்தர் விக்கிரமன். கதையை வேதாளம் சொந்தமா கட்டணும், விக்கிரமன் நியாயம் சொல்லணும். பெரியவங்க யாரும் சொல்லிக் குடுக்கல. இதை ஏன் சொல்றோம்னு பின்னால புரியும்.

கொஞ்சம் வளர்ந்ததும் காமிக்ஸ். 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சு, முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துக் கதையைத் தமிழ்ல போட்டது. ஆய்வுக்கூடத்துல வேலை செய்றவன், ஒரு கை போயி இரும்புக்கை மாட்டியிருப்பான். அந்தக் கையில மின்சாரம் பாஞ்சா ஆளு மறைஞ்சிடுவான், கை மட்டும் அந்தரத்துல மிதக்கும். 1984ல லயன் காமிக்ஸ் வந்துச்சு, அதே வருஷம் ராணி காமிக்ஸ். (ராணியில மாயாவின்னா அது வேற ஆளு, காட்டுல முகமூடி போட்டுக் குதிரையில வர்றவர். இந்த ரெண்டு மாயாவியையும் போட்டுக் குழப்பி நாங்க சண்டையே போட்டிருக்கோம்.) பள்ளிக்கூடத்துல மலாய்க்கார நண்பர்கள் கீலா கீலா பத்திரிகை குடுப்பாங்க, நாங்க படத்தைக் காட்டி மாயாவி கதையை மலாய்ல சொல்லுவோம்.

சதுரமா பெரிய பிஸ்கட் டின் இருக்குமே, அதுல சேத்து வச்சது 37 புத்தகம். 1985ல எஸ்.ஆர்.பி. பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது எங்க அப்பா அந்த டின்னைக் கண்டுபிடிச்சார். வெந்நீர் அடுப்புல ஒவ்வொண்ணா போட்டார். கோபமா கூட போடல, வெறகு போடுற மாதிரி அமைதியா போட்டார். "இதைப் படிச்சுட்டு மரம் வெட்டத்தான் போவே"ன்னு மட்டும் சொன்னார். அவர் விடிகாலையில மரம் வெட்டப் போறவர். அவருக்கு என்ன பயம்னு அப்ப புரியல.

இப்ப வேலை மேரு பக்கம் கையுறை பேக்டரியில. பார்த்திருக்கீங்களோ என்னமோ, கையுறை செய்யிறதுக்கு வெள்ளையா பீங்கான் கை ஆயிரக்கணக்குல சங்கிலியில மாட்டியிருக்கும். அது வரிசையா வந்து பால்ல முங்கும், அடுப்புக்குள்ள போகும், வெளிய வந்ததும் கையுறையை உருவுவாங்க. ராத்திரி ஷிப்ட்ல ஆள் இல்லாம கை மட்டும் அந்தரத்துல போய்க்கிட்டே இருக்கும். முப்பது வருஷமா அதைப் பார்க்கிறபோதெல்லாம் மாயாவி ஞாபகம்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. சூப்பர்வைசர் சொல்ற பேச்சா அது?

சரி, எங்க பையன் கதைக்கு வர்றோம்.

ஒரே பையன், பத்தொன்பது வயசு, டிப்ளோமா படிக்கிறான். சின்னதுல கோயில்ல தேவாரம் பாடுனவன். படிவம் நாலுக்கு அப்புறம் வர்றதை நிறுத்திட்டான். வீட்டுல ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம். போன வருஷம் சனிக்கிழமையானா பையைத் தூக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ் போவான், ராத்திரி கடைசி கோமுட்டர்ல வருவான். எங்கன்னா "பிரண்ட்ஸ்"ம்பான், அவ்வளவுதான்.

கிள்ளான்ல ஆம்பளைப் பிள்ளை வளக்கிறவங்களுக்கு எங்க வயித்துக் கலக்கம் தெரியும். நம்பர் வச்ச கூட்டம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வருது. எங்க லயத்துலயே ஒண்ணா வளர்ந்த ரெண்டு பேரை நாங்க அதுல பறிகொடுத்திருக்கோம். அதனால ஒரு புதன்கிழமை அவன் குளிக்கப் போன நேரத்துல பையைத் தொறந்து பார்த்தோம். பிள்ளை பையைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்றவங்க சொல்லுங்க, பயம் வந்தா கை தானா போகுது.

உள்ள ஒரு துணிப்பை நிறைய பகடை. நாம பார்த்த தாயக்கட்டை மாதிரி இல்ல. முக்கோணமா ஒண்ணு, எட்டு முகத்துல ஒண்ணு, இருபது முகத்துல உருண்டையா ஒண்ணு. கூடவே ஒரு தடிச்ச நோட்டுப்புத்தகம். அதைப் பிரிச்சா ஒரு கட்டடத்தோட வரைபடம், வாசல் எங்க, காவலாளி எங்க நிக்கிறான், எல்லாம் குறிச்சிருக்கு. அடுத்த பக்கத்துல ஆளுங்க பேரு, ஒவ்வொரு பேருக்கும் நேரா நம்பரு. கத்தி, வில்லு, தங்கம் 200. ஒரு பேரை அடிச்சு "டெட்"னு எழுதியிருந்தது. "நைட் அட்டாக், கேட் டூ."

எங்களுக்குக் கை கால் நடுங்கிப்போச்சு. போலீஸ் கையில இது கெடச்சா பிள்ளை வாழ்க்கை போச்சுன்னுதான் முதல்ல தோணுச்சு. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. நோட்டை நாலா கிழிச்சுப் பிளாஸ்டிக் பையில கட்டி வெளிய குப்பைத் தொட்டியில போட்டோம். யார் கிழிச்சது, யார் போட்டதுன்னு இப்ப பிரிச்சுச் சொல்லி என்ன ஆகப்போகுது, ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். மறுநாள் காலையில குப்பை லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. பகடையை மட்டும் திரும்ப வச்சிட்டோம், சந்தேகம் வரக்கூடாதுன்னு.

அந்தச் சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் அவன் பின்னாலயே ரயில் ஏறினோம். அவன் முன் பெட்டி, நாங்க பின் பெட்டி. கிள்ளான்ல இருந்து கே.எல். சென்ட்ரல் வரைக்கும் வாய் தொறக்கல. உள்ளுக்குள்ள கந்த சஷ்டி ஓடிக்கிட்டு இருந்தது. துன் சம்பந்தன் சாலையில யானைச் சிலை நீரூற்றுத் தாண்டி, பூமாலைக் கடைங்களைத் தாண்டி, ஒரு பழைய அடுக்குமாடியில ஏறினான். மூணாவது மாடி. கதவு தொறந்தே இருந்தது, கம்பிக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. படிக்கட்டுல நின்னு காது குடுத்தோம்.

"கிணத்துக்குள்ள சத்தம் கேக்குது. மேல கெழவி வீடு எரியுது. ரெண்டுக்கும் போக நேரம் இல்ல. என்ன செய்யப்போறீங்க?"

எங்க பையன் குரல். பத்து வார்த்தை பேசாதவன் மடமடன்னு பேசறான், குரலை மாத்தி மாத்திப் பேசறான். ஒரு தடவை கெழவி, ஒரு தடவை ராஜா. மத்தவங்க கத்துறாங்க. "கெழவியை விட்டுட்டுப் போறது பாவம்டா!" "கிணத்துல இருக்கிறது குழந்தையா இருந்தா?" அப்புறம் பகடை உருளுற சத்தம், எல்லாரும் ஓன்னு கத்துற சத்தம். அப்படியே நின்னுட்டோம். எவ்வளவு நேரம் நின்னோம்னு தெரியல. அந்த வீட்டுப் பாட்டி குப்பை போட வெளிய வந்து, "யாரு வேணும்? வெளிய நிக்காம உள்ள வாங்க, தேத்தண்ணி போடறேன்"னாங்க.

உள்ள போனா, நர்ஸ் பயிற்சியில இருக்கிற பொண்ணு ஒண்ணு, அவங்க வீடுதான் அது. போன் ரிப்பேர் பண்ற சீனப் பையன். இன்னும் ரெண்டு தமிழ்ப் பிள்ளைங்க. நடுவுல காகிதம், பென்சில், அழிப்பான், முறுக்குத் தட்டு. எங்க பையன் மூஞ்சி செத்துப்போச்சு. "ஏன்ப்பா வந்தீங்க?"ன்னான். பதில் சொல்லத் தெரியல. "சும்மா, கந்தசாமி கோயிலுக்கு வந்தோம்"னோம். பொய்யி, சாமி மன்னிக்கணும்.

அந்தப் பொண்ணுதான் விளக்குச்சு. இந்த விளையாட்டுப் பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேரு போட்டது. முதல்ல ஆயிரம் பெட்டிதான் அச்சடிச்சாங்களாம், இப்ப ஐம்பது வருஷம் தாண்டிப்போச்சு. ஒருத்தர் கதையை நடத்தணும். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். பாத்திரத்துக்குப் பலம், சுறுசுறுப்பு, தாங்குற சக்தி, புத்தி, ஞானம், மத்தவங்களைக் கவர்ற சக்தின்னு ஆறு குணம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நாங்க கூட்டத்து நம்பர்னு நெனச்சது அதுதான். கதை நடத்துறவர் "உன் முன்னால ஆறு, பாலம் ஒடஞ்சிருக்கு"ன்னு சொல்வார். "தாவுறேன்"னா இருபது முகப் பகடையை உருட்டணும். நம்பர் பத்தலேன்னா ஆத்துல விழுந்தே. யாரும் யாரையும் தோக்கடிக்கிறது இல்ல, எல்லாரும் ஒரே பக்கம். காசு கிடையாது. முடிவு என்னன்னு கதை நடத்துறவருக்கே தெரியாது. "அங்கிள், உங்க பையன்தான் எங்க மாஸ்டர்"னு சொல்லுச்சு. லயத்து வாசல்ல வேதாளமா உக்காந்தது எங்களுக்கு ஞாபகம் வந்துச்சு.

1980கள்ல அமெரிக்காவுல பெத்தவங்க இதுக்குப் பயந்து பெரிய போராட்டமே நடத்தியிருக்காங்க, பேய் வழிபாடு, பிள்ளைங்க கெட்டுப்போகுதுன்னு. இதைப் பின்னால தெரிஞ்சுக்கிட்டோம். நாங்க மட்டும் இல்லேன்னு ஒரு ஆறுதல், வேற என்ன.

அப்பதான் அந்தப் பையன் ஒருத்தன் சொன்னான். "இன்னிக்கி கொஞ்சம் தடுமாறுது அங்கிள். மாஸ்டரோட நோட்டு கோமுட்டர்ல தொலஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா எழுதுனது. ரெண்டு தடவை ஸ்டேஷன்ல போய் கேட்டுட்டான், கெடைக்கல."

தேத்தண்ணி தொண்டையில நின்னுபோச்சு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல.

பேச்சை மாத்தணும்னு மேசையில கெடந்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம். அசுரங்க, பிராணிங்க படமா இருந்தது. ஒரு பக்கத்துல புலித் தலை, ராஜா உடுப்பு, உள்ளங்கை பின்பக்கமா திரும்பியிருக்கு. பேரு என்னன்னு பார்த்தா ராட்சஸன்! 1977ல வந்த அவங்களோட புத்தகத்துலயே புலித் தலையோட சுருட்டுக் குழாய் பிடிக்கிற மாதிரி வரைஞ்சிருக்காங்களாம். கோயில்ல இருபது வருஷம் நின்ன வாய் சும்மா இருக்குமா? "யாரு சொன்னது ராட்சஸனுக்குப் புலித் தலைன்னு?"னு கேட்டுட்டோம். எங்க பையன் அன்னைக்கு முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தான். "அப்ப எப்படிப்பா இருப்பாங்க?"

ஆரம்பிச்சது ரெண்டு மணி நேரம் போச்சு. பத்துமலை ராமாயணக் குகையில தூங்குற கும்பகர்ணனைப் பார்த்திருக்கீங்கல்ல, தப்புன்னு அண்ணனுக்கு எடுத்துச் சொல்லியும் அண்ணனுக்காகவே போயி செத்தவன். அவன் தம்பி விபீஷணன் ராமர் பக்கம் போனான். ரெண்டு பேருல யாரு செஞ்சது சரி? பீமனைக் கட்டிக்கிட்ட இடும்பி, அவளுக்கு மணாலியில கோயிலே இருக்கு, 1553ல கட்டுனது. அவ மகன் கடோத்கஜன் சாகப்போறோம்னு தெரிஞ்சு உடம்பைப் பெருசாக்கி கௌரவர் படை மேலயே விழுந்தான். ராட்சஸன்னா கெட்டவன்னு ஒரே கோடு போட்டு முடிச்சிட முடியாதுன்னு சொன்னோம். சொல்றது பாதி வீட்டுக்காரம்மா, பாதி இந்தப் பக்கம். சீனப் பையன் போன்ல எழுதிக்கிட்டே இருந்தான். "அங்கிள், கும்பகர்ணனுக்குப் பலம் எத்தனை போடலாம்?"னு கேட்டான். இதையெல்லாம் எங்க பையனுக்கு நாங்க சொல்லியே இல்லையான்னு யோசிச்சோம். சின்னப் பிள்ளையா இருக்கும்போது சொன்னோம். அப்புறம் பரீட்சை வந்துச்சு, ஓவர்டைம் வந்துச்சு.

திரும்புற ரயில்ல மூணு பேரும் ஒரே பெட்டி. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள அவன் இன்னொரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தான். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல கையை வச்சுட்டு சொல்லிட்டோம். நோட்டு தொலையல, நாங்கதான் கிழிச்சுப் போட்டோம், நம்பரைப் பார்த்துக் கூட்டம்னு பயந்துட்டோம்.

கத்துவான்னு நெனச்சோம். கத்தல. ரொம்ப நேரம் தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "தாத்தா மாதிரியே"ன்னான். அவ்வளவுதான். எழுந்து போயிட்டான். அந்த 37 புத்தகக் கதையை அவனுக்குச் சொன்னதே நாங்கதான், ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் நாங்க பாதிக்கப்பட்டவங்களா சொன்ன கதை.

நாலஞ்சு நாள் வீட்டுல பேச்சே இல்ல. அப்புறம் வீட்டுக்காரம்மா ஒரு புது நோட்டு வாங்கி அவன் மேசையில வச்சாங்க. முதல் பக்கத்துல புள்ளி வச்சிருந்தது, கோலத்துக்கு வைக்கிற மாதிரி நேர்ப்புள்ளி. "வாசல் எங்க இருந்துச்சுன்னு சொல்லு, கோடு போடறேன்"னாங்க. முதல்ல சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்து, "கிழக்குப் பக்கம்மா"ன்னான். அப்படி ஆரம்பிச்சு ராத்திரியில மூணு பேரும் உக்காந்து திரும்ப எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல இந்தக் கை எழுதும். எல்லாம் திரும்பக் கெடைக்கல. ஒரு ஊரோட கதை முழுசா மறந்துபோச்சுன்னான். அந்தப் பக்கத்தைக் காலியாவே விட்டிருக்கான். இன்னமும் காலிதான்.

சிவராத்திரிக்கு வர்றோம். வருஷா வருஷம் நாங்க படுற பாடு தெரியுமே. ரெண்டாம் காலம் வரைக்கும் பிள்ளைங்க இருப்பாங்க, நள்ளிரவு லிங்கோத்பவ பூசை முடிஞ்சதும் பாதிப் பேரு மண்டபத்துல சுருண்டு தூக்கம், மீதிப் பேரு திறன்பேசி. இந்தத் தடவை எங்க பையனே கேட்டான். வேடன் கதையை விளையாட்டா நடத்தட்டுமான்னு. மூணு வருஷம் கழிச்சு அவன் வாயில கோயில்னு ஒரு வார்த்தை. எங்களுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, ஆனா நிர்வாகக் கூட்டத்துல அது செல்லாதே.

கூட்டத்துல ஒரு மணி நேரம் வாக்குவாதம். தலைவர் ஒரேடியா முடியாதுன்னார். பகடையால பாண்டவங்க நாட்டை இழந்தாங்க, பாஞ்சாலி அவமானப்பட்டா, அதைக் கோயிலுக்குள்ள கொண்டுவரச் சொல்றீங்களான்னு கேட்டார். அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்ல, எங்களுக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. நாங்க வைகுண்ட ஏகாதசி ராத்திரியில கண் விழிக்கிறதுக்குப் பரமபதம் ஆடுறதைச் சொன்னோம். அதுவும் தாயம் போட்டுத்தானே ஏணி ஏறுறோம், பாம்புல இறங்குறோம்? "அது பெருமாள் கோயில் வழக்கம்"னார்.

அன்னதானத்துக்குக் காய் நறுக்குற பாட்டி ஒருத்தங்க, எண்பது வயசு, கூட்டத்துல பேசவே மாட்டாங்க. அவங்கதான் ஆரம்பிச்சாங்க. "திருமலையில பெருமாளே ராத்திரியில எறங்கி வந்து அத்திராம் பாவாஜியோட சொக்கட்டான் ஆடலையா?" அந்தக் கதை பலருக்குத் தெரியும். பாவாஜி வடநாட்டுப் பக்தர். ஆடிட்டு சாமி நகையை விட்டுட்டுப் போயிட்டார், மறுநாள் பாவாஜியைத் திருடன்னு பிடிச்சு அடைச்சு, ஒரு ரூம் நிறைய கரும்பைப் போட்டு விடியறதுக்குள்ள தின்னுன்னாங்க. யானை ரூபத்துல சாமி வந்து தின்னுட்டுப் போனார். அந்த மடத்து மகந்துங்கதான் 1843ல இருந்து 1933 வரைக்கும் திருப்பதிக் கோயிலையே நிர்வாகம் பண்ணினாங்க. எல்லோராக் குகையில சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடுற சிற்பம் இருக்குன்னு குருக்களும் சொன்னார். தலைவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நாலு நிபந்தனை போட்டார். சந்நிதிப் பக்கம் கூடாது, பின் மண்டபம் மட்டும். காசு, பரிசு எதுவும் கூடாது. மணி அடிச்சா பகடையைக் கீழ வச்சுட்டு எழுந்து வரணும். சாமியா யாரும் நடிக்கக் கூடாது. கடைசி நிபந்தனை பத்தி எங்களுக்கு வேற கருத்து, கூத்துல கிருஷ்ணரா வேஷம் கட்டுறது இல்லையா? ஆனா ஒத்துக்கிட்டோம்.

மூணு வட்டம், ஒவ்வொண்ணுலயும் ஆறேழு பிள்ளைங்க. எங்க பையனும் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைங்க ரெண்டு பேரும் நடத்தினாங்க. கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வேடனுக்கு வேட்டை கிடைக்கல, வீட்டுல பிள்ளைங்க பசி. வில்வ மரத்துல ஏறி உக்காந்திருக்கான், கீழ லிங்கம் இருக்கிறது தெரியாது. தண்ணி குடிக்க மான் வருது. வில்லை எடுக்கிறான், கை பட்டு இலையும் தண்ணியும் லிங்கத்து மேல விழுது. "குட்டிகளைப் பார்த்துட்டு வந்துடறேன், அப்புறம் கொல்லு"ன்னு மான் கேக்குது. அவன் விடுறான். புராணத்துல மானெல்லாம் சொன்ன சொல் தவறாம குடும்பத்தோட திரும்பி வருது. பிள்ளைங்க கதையில ஒருத்தர் வேடன், ஒருத்தர் பெண்மான், ஒருத்தர் கலைமான். ஜாமத்துக்கு ஒரு தடவை வேடன் தூங்காம இருக்கப் பகடை போடணும். அவன் தூங்கி விழற மாதிரி நம்பர் வந்தா சுத்தி உக்காந்திருக்கிறவங்க சிவபுராணம் ரெண்டு அடி சேர்ந்து சொன்னா இன்னொரு வாய்ப்பு. இது எங்க பையன் போட்ட சட்டம். மண்டபம் முழுக்க மாத்தி மாத்திச் சிவபுராணம் கேட்டுக்கிட்டே இருந்தது. தூங்குன பிள்ளைங்க எழுந்து வந்து உக்காந்தாங்க.

ரெண்டாவது வட்டத்துல பெண்மானா இருந்தது பன்னெண்டு வயசுப் பொண்ணு. வேடன் பதினஞ்சு வயசுப் பையன். மான் திரும்பி வர்ற நேரம். "வரல"ன்னுடுச்சு அந்தப் பொண்ணு. எல்லாரும் கத்துறாங்க, கதையில வரும், வரணும், சத்தியம் பண்ணியிருக்கேன்னு. "நான் செத்துட்டா குட்டிக்கு யாரு பால் குடுப்பா? நான் வரல"ன்னு கையைக் கட்டிக்கிச்சு. எங்க பையன் எங்களைப் பார்த்தான். நாங்க என்ன சொல்றது? அந்தப் பக்கமா போன குருக்கள் அப்படியே நின்னுட்டார். வேடனா இருந்த பையனைப் பார்த்து, "சரி, மான் வரல. வேடன் என்ன செஞ்சான்?"னு கேட்டார்.

அந்தப் பையன் வீட்டு நிலைமை தொண்டர்கள் சில பேருக்குத் தெரியும், இங்க எழுதல. பகடையைக் கையில வச்சு உருட்டாமலே இருந்தான். அப்புறம் சொன்னான். "மரத்துலேயேதான் உக்காந்திருந்தான். வெறுங்கையோட வீட்டுக்குப் போய் பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே, ஒவ்வொரு இலையா பிச்சுக் கீழ போட்டுக்கிட்டு இருந்தான்."

யாரும் பேசல. குருக்கள் ரெண்டு கையையும் கூப்பிட்டு, "அதுவும் அர்ச்சனைதான்ப்பா"ன்னார். அப்பதான் நாலாம் காலத்துக்கு மணி அடிச்சது. பகடையை அப்படி அப்படியே வச்சிட்டு எல்லாப் பிள்ளைங்களும் எழுந்து ஓடினாங்க. நீங்க பார்த்த படம் அதுக்கு ஒரு நிமிஷம் முன்னால எடுத்தது.

தலைவர் இன்னமும் முழுசா சம்மதிக்கல. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பேசுவோம்னு சொல்லியிருக்கார். எங்க பையன் எல்லா வாரமும் கோயிலுக்கு வர்றான்னு சொன்னா பொய்யாகிடும். மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றான், வந்தா பின் மண்டபத்துல நாலஞ்சு பிள்ளைங்க அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. மான் திரும்பி வராத கதையைப் புது நோட்டுல எழுதி வச்சிருக்கான், ஆனா அந்தக் காலிப் பக்கத்துல இல்ல.

இன்னொரு விஷயம். லயன், முத்து காமிக்ஸ் இன்னைக்கும் சிவகாசியில இருந்து வருது, பழைய மாயாவி கதைங்களை மறுபதிப்பும் போட்டிருக்காங்க. எங்க பையன் எங்கயோ தேடி மூணு வாங்கிட்டு வந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்ல போட்டுக் குடுத்தான். மீதி 34. தோட்டத்துல இருந்து வந்தவங்க யாராவது பரண்ல பழைய முத்து காமிக்ஸோ அம்புலிமாமாவோ வச்சிருந்தா, அட்டை இல்லேன்னாலும் பரவாயில்ல, வெள்ளிக்கிழமை செருப்பு வைக்கிற இடத்துல வந்து குடுங்க. படிச்சுட்டுத் திருப்பித் தந்துடுவோம். பின் மண்டபத்துக்குப் பென்சிலும் அழிப்பானும் கூட தேவைப்படுது.

திருச்சிற்றம்பலம்.